தங்கச்சி வண்டிக்கு நம்பர் கெடையாது

என் தங்கச்சி வண்டி வாங்குன அன்னிக்கு எங்க தெருவே வந்து பாத்துச்சி. நானும் பாத்தேன். ஆனா நான் பாத்த மாதிரி வேற யாரும் பாத்துருக்க மாட்டாங்க. எலுமிச்சம்பழத்து மேல டயரு ஏறுனப்ப பழம் நசுங்குச்சி இல்ல, அதே நேரத்துல என் வயித்துக்குள்ளயும் ஏதோ நசுங்குச்சி.

வெள்ளைக் கலரு, கரண்ட்ல ஓடுற ஸ்கூட்டரு. பெட்ரோல் வேணாம், லைசென்ஸ் வேணாம், நம்பரும் வேணாம். ஏன்னா அது இருபத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்த தாண்டாது. உள்ள லாக் வச்சிருக்காங்க. அவ்ளோ மெதுவா போற வண்டிய சட்டம் மோட்டார் வண்டியாவே எடுத்துக்காதாம். கடைக்காரரு இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி சீல் போட்டு குடுத்தாரு. அவ அத லேமினேசன் பண்ணி சீட்டுக்கு அடியில வச்சிகினா. எங்க வீட்ல ரேஷன் கார்டக்கூட யாரும் அவ்ளோ பத்திரமா வச்சதில்ல.

எங்க ஊரு ஆலங்காயம் போற ரோட்ல இருக்குது. அங்கேர்ந்து கம்பெனி எட்டு கிலோமீட்டர். நானும் தங்கச்சியும் ஒரே ஷூ கம்பெனி தான். நான் பத்தாவதுல கணக்குல பெயிலா போயிட்டேன். திரும்ப எழுதுறேன் எழுதுறேன்னு சொல்லிகினே கட்டிங்ல ஹெல்பரா சேந்தேன். அஞ்சு வருஷமாச்சி, இன்னும் ஹெல்பர் தான். அவ பன்னண்டாவது முடிச்சிட்டு எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சி ஸ்டிச்சிங்ல வந்து சேந்தா. மொதல்ல நூல் வெட்டுனா, அப்புறம் மிஷின்ல ஒக்காந்தா, அப்புறம் செக்கிங். இப்ப லைன் சூப்பர்வைசர்.

அதுவும் ட்ரையல் தான். ஒரு மாசம் பாப்பாங்க. மேனேஜர் ஒண்ணே ஒண்ணு தான் சொன்னாராம். "உன் லைன் பொண்ணுங்க எட்டரைக்கு வந்தா போதும். நீ ஏழரைக்கே வந்து அன்னிக்கி தைக்க வேண்டியத எடுத்து மிஷின் மிஷினா பிரிச்சி வச்சிருக்கணும். லேட்டா வந்தீன்னா வேற ஆள் ரெடியா இருக்குது." கம்பெனி பஸ்சு எட்டேகாலுக்கு தான் போய் நிக்கும். டவுன் பஸ்ஸ நம்புனா அது அதோட இஷ்டத்துக்கு வரும். அதுக்கு தான் இந்த வண்டி. வண்டி இருந்தா சூப்பர்வைசர், வண்டி இல்லன்னா திரும்ப செக்கிங் டேபிளு.

அன்னியிலேர்ந்து எனக்கு இருந்த பேரும் போச்சி. கட்டிங்ல எல்லாரும் "சூப்பர்வைசர் அண்ணா, கொஞ்சம் அந்த தோல எடு"ன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. வீட்ல அதுக்கு மேல. அப்பா கொத்து வேலைக்கு போறவரு. சாயங்காலம் வந்ததும் கை கால் கழுவுறதுக்கு முன்னாடி பனியன் துணிய எடுத்துகினு போய் வண்டிய தொடைப்பாரு. கண்ணாடிய தொடைப்பாரு, லைட்ட தொடைப்பாரு. சின்ன வயசுல எனக்கு சளி ஒழுகுனப்ப இவரு இவ்ளோ பொறுமையா தொடச்சாரான்னு எனக்கு ஞாபகமில்ல. அம்மா காலைல மிக்ஸி பிளக்க புடுங்கிட்டு அதுல வண்டிக்கு சார்ஜ் போட்டாங்க.

"ம்மா, அப்ப சட்னி?"

"ஒருநாள் பொடி தொட்டுக்கினா உன் நாக்கு அறுந்து வுழுந்துடாது. புள்ள வேலைக்கு போவணும்."

"நானும் தான வேலைக்கு போறேன்?"

"நீ பஸ்ல போற. பஸ்சுக்கு யாரு சார்ஜ் போடணும்?"

நான் சும்மா இருக்குற ஆளா? வாய் தான எனக்கு மூலதனம். அவ வண்டிய எடுக்குறப்பெல்லாம் வாசல்ல நின்னுகினு ஆரம்பிப்பேன். "ம்மே, பாத்து போ. பின்னாடி வாத்து கூட்டம் வருது, வழி வுட்ரு." "ஏம்மே, ஏழரைக்கு போவணும்னா நேத்தே கெளம்பியிருக்கலாமே?" அவ ஹெல்மெட்ட மாட்டிகினே சொல்லுவா, "போடா. மெதுவா போனாலும் நான் என் வண்டில போறேன். நீ இன்னாத்துல போற?" என்கிட்ட வண்டியும் இல்ல, ஓட்டுறதுக்கு லைசென்ஸும் இல்ல.

கிண்டல் பத்தலன்னு ஒருநாள் கட்டிங்ல கீழ கெடந்த கருப்புத் தோல் துண்டு ஒண்ண எடுத்தேன். ஷூ உள்ள சைஸ் நம்பர் அடிக்கிற அச்சு இருக்குது இல்ல, அத வச்சி அடிச்சேன். அவ கால் சைஸு முப்பத்தேழு. ரெண்டு தடவ அடிச்சி, 37 37ன்னு வெள்ளை பெயிண்ட் தடவி, அவ வண்டி பின்னாடி நம்பர் பிளேட் வைக்கிற எடத்துல கட்டிவுட்டேன். தெருவே சிரிக்கும், அவ மூஞ்சி சுருங்கும்னு பாத்தா, அவ குனிஞ்சி பாத்துட்டு கைதட்டுறா. "சூப்பரா இருக்குதுடா அண்ணா! இருக்கட்டும், அழகா இருக்குது." கிண்டல் பண்ணா கோவப்படணும். கோவப்படாதவங்கள இன்னா பண்றது? எனக்கு தான் ரெண்டு நாளா சாப்பாடு எறங்கல.

ஒரு ஞாயித்துக்கிழம அவகிட்டயே கேட்டேன், "வண்டிய குடும்மே, வாணியம்பாடி வரைக்கும் போய்ட்டு வர்றேன்." மாட்டேன்னு சொல்லுவான்னு நெனச்சி தான் கேட்டேன். சாவிய எடுத்து குடுத்துட்டா. தல சீவிகினு, அயர்ன் பண்ண சட்டையப் போட்டுகினு கெளம்புனேன். ஆக்ஸிலேட்டர முழுசா திருவுனாலும் வண்டி இருபத்தஞ்சுல தான் நிக்குது. பின்னாடி நாலு கேன் கட்டிகினு ஒரு பால்காரரு மொபட்ல வந்தாரு. என்ன தாண்டுனவரு கொஞ்ச தூரம் போய் ஸ்லோ பண்ணி திரும்பிப் பாத்து கேக்குறாரு:

"இன்னா தம்பி, ரிப்பேரா? கால வச்சி தள்ளட்டுமா?"

நேரா என் தோஸ்த்து ஷெட்டுக்கு போனேன். அவன நான் பாய்னு தான் கூப்பிடுவேன், ரெண்டு பேரும் ஒண்ணா ஸ்கூலுக்கு கட் அடிச்சவங்க. இப்ப அவன் பேட்டரி வண்டி மெக்கானிக்கு.

"பாய், இந்த லாக்க எடுக்க முடியுமா?"

"ரெண்டு ஒயரு மச்சி. கழட்டுனா அம்பது போவும். இந்த ஊர்ல பாதி வண்டி அப்பிடி தான் ஓடுது. ஆனா சார்ஜ் சீக்கிரம் எறங்கிடும். இன்னொண்ணு, யாரனா புடிச்சா நம்பர் கேப்பாங்க. அப்புறம் என்ன கேக்காத."

"இன்னிக்கி ஒருநாள் தான். சாயங்காலம் திரும்ப மாட்டிக்குடு."

ஒயர கழட்டுனான். அப்புறம் நான் ஓட்டுனத எப்பிடி சொல்றது? அம்பதுல போனேன். ஆலங்காயம் மலை தெரியிற வரைக்கும் போய்ட்டு வந்தேன். அந்த பால்காரர தேடுனேன், ஆள் கெடைக்கல. சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தா பூட்டு தொங்குது. போன் பண்ணா, "மேல்விஷாரத்துல கல்யாணம் மச்சி, பிரியாணில கை வச்சிட்டேன். ரெண்டு நாள் கழிச்சி வா"ன்றான்.

அன்னிக்கி ராத்திரி சாப்புடுறப்ப சொல்லிடலாம்னு தான் இருந்தேன். "ம்மே, லாக்கு கழட்டியிருக்குது, ரெண்டு நாள் மெதுவா திருவு"ன்னு சொன்னா முடிஞ்சிபோச்சி. வாயில வந்துடுச்சி. அப்ப அப்பா மீன் கொழம்புல கரண்டிய வுட்டு தலைய எடுத்து அவ தட்டுல வச்சாரு. எங்க வீட்ல மீன் தல எப்பவும் எனக்கு தான். புத்தி தெரிஞ்ச நாள்லேர்ந்து எனக்கு தான். "காலைல சீக்கிரம் போற புள்ள, தின்னட்டும்"னாரு. நான் வாய மூடிகினு வால் பக்கத்த தின்னேன்.

போவட்டும். நடு ரோட்ல சார்ஜ் தீந்து நிக்கட்டும். ஒரே ஒருநாள் லேட்டா போவட்டும். மேனேஜர்கிட்ட ஒரு திட்டு வாங்கட்டும். எனக்கு அது போதும். இப்பிடி தான் நெனச்சேன். மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல.

திங்கக்கெழம சார்ஜ் தீரல. செவ்வாக்கெழமயும் தீரல. அவ பாட்டுக்கு போய்ட்டு வந்து, "வண்டி நல்லா பழகிடுச்சிடா, இப்பெல்லாம் சீக்கிரமா போய்ட்றேன். மேனேஜரே கேட்டாரு, ஏழு பத்துக்கே வந்துட்டியான்னு"ன்றா. அவ மீட்டர பாக்குற ஆளே இல்ல, ரோட்ட பாத்து ஓட்றவ. அவள கவுக்க நான் பண்ண வேலைல அவளுக்கு நல்ல பேரு வருது. அன்னிக்கி எனக்கு வந்த பேஜார் இருக்குதே.

புதன்கெழம காலைல நான் கம்பெனி பஸ்ல ஜன்னலோரமா ஒக்காந்திருந்தேன். ஹைவேஸ் பக்கத்துல சர்வீஸ் ரோட்ல பஸ்சு திரும்புனப்ப முன் சீட்ல ஒரு பொண்ணு கத்துச்சி: "டேய், அங்க பாரு, உன் தங்கச்சி!"

போலீஸ் ஜீப்பு நிக்குது. பக்கத்துல அந்த வெள்ளை வண்டி. அவ ஹெல்மெட்ட கழட்டி கைல மாட்டிகினு, லேமினேசன் பேப்பர ரெண்டு கையாலயும் புடிச்சி எஸ்ஐ மூஞ்சிக்கு நேரா காட்டிகினு நிக்குறா. ஏழு மணிக்கு முன்னாடியே கெளம்புனவ எட்டு மணிக்கும் அங்கியே நிக்குறா.

உண்மைய சொல்றேன், மொதல்ல எனக்கு குளுகுளுன்னு இருந்துச்சி. ஒரு மூணு செகண்டு. அப்புறம் பஸ்சு அவள தாண்டுனப்ப அவ இந்தப் பக்கம் பாத்தா. நான் தலைய குனிஞ்சி செருப்ப தேடுற மாதிரி தேடுனேன். "வண்டிய நிறுத்துங்கண்ணா"ன்னு டிரைவர் கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல.

கம்பெனில எறங்குனதும் மேனேஜர் வாசல்லயே நிக்குறாரு. "எங்கடா உன் தங்கச்சி? போனும் எடுக்கல. லைன் அப்பிடியே கெடக்குது."

"தெரியாது சார். வீட்லேர்ந்து அப்பவே கெளம்பிட்டா."

அவரு தலைய ஆட்டிட்டு செக்கிங்ல இருக்குற ஒரு அக்காவ கூப்பிட்டாரு. "இன்னிக்கி நீ பாத்துக்கோ." அந்த அக்கா சூப்பர்வைசர் போட்ற நீலக் கோட்ட எடுத்து மாட்டுனாங்க. அது தங்கச்சி கோட்டு. கை நீளமா இருக்குதுன்னு அவளே வீட்ல ஒக்காந்து மடிச்சி தச்ச கோட்டு. அந்த அக்காவுக்கு கை பத்தாம முழங்கைக்கு மேல ஏறிகினு நின்னுச்சி. நான் கேட்டது ஒரு திட்டு தான. கோட்ட கழட்டணும்னா கேட்டேன்?

ஒம்பது மணிக்கு போன் வந்துச்சி. "அண்ணா, ஸ்டேஷன்ல இருக்குறேன். வண்டி நாப்பத்தெட்டுல போவுதாம். நான் ஒண்ணுமே பண்ணலடா. யாரோ லாக்க கழட்டியிருக்காங்கன்றாங்க. அப்பா கிட்ட சொல்லாத, வண்டிய புடிச்சிட்டாங்கன்னா அழுதுடுவாரு. நீ வா." என்னைய தான் கூப்புட்றா. என்னைய.

ஸ்டேஷனுக்குள்ள போனதும் எஸ்ஐ டேபிள் மேல நான் அடிச்ச தோல் துண்டு கெடக்குது. 37 37.

"நீ தான் அண்ணனா? இது எந்த ஆர்டிஓ ஆபீஸ்ல குடுத்த நம்பரு?"

"வெளாட்டுக்கு கட்டுனது சார். அவ கால் சைஸு."

பக்கத்துல நின்ன ஏட்டு வாய பொத்திகினாரு. எஸ்ஐ சிரிக்கல. "இத பாத்து தான் நிறுத்துனேன். நம்பரே வேணாம் சார், இருபத்தஞ்சுக்கு மேல போவாதுன்னு பேப்பர காட்டுது இந்தம்மா. வந்தது அந்த ஸ்பீடு மாதிரி தெரியல. ஏட்ட ஏறி ஓட்ட சொன்னேன், நாப்பத்தெட்டு காட்டுது. லாக்கு எடுத்துட்டா இந்த பேப்பர் செல்லாது. அப்புறம் இது மோட்டார் வண்டி. மோட்டார் வண்டின்னா ரிஜிஸ்ட்ரேசன் இருக்கணும். இல்லாம ஓட்டுனா மொதல் தடவைக்கே ரெண்டாயிரத்துலேர்ந்து அஞ்சாயிரம் வரைக்கும் அபராதம். ரெண்டாவது தடவ மாட்னா பத்தாயிரம் வரைக்கும் போவும், இல்ல ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்ல ரெண்டும். லைசென்ஸ், இன்சூரன்ஸ்னு போனா அது வேற வேற கேஸு. ரிஜிஸ்ட்ரேசன் ஒண்ணு தான் எழுதுறேன். யாரு லாக்க எடுத்தது?"

தங்கச்சி என்ன பாக்கல. அவ இன்னும் அந்த பேப்பர நெஞ்சோட வச்சிகினு எஸ்ஐயவே பாத்துகினு இருக்குறா.

"நான் தான் சார்."

அப்ப திரும்புனா.

"அவளுக்கு தெரியாது சார். ஞாயித்துக்கிழம நான் தான் கழட்டி அம்பதுல ஓட்டுனேன். என் பேர்ல எழுதுங்க சார்."

"ஞாயித்துக்கிழம நான் உன்ன பாக்கலியே? இன்னிக்கி ரோட்ல ஓட்டிகினு வந்தது யாரு?"

"அவ தான். ஆனா..."

"அப்ப அவங்க பேர்ல தான் எழுத முடியும். ஓட்டுனதும் அவங்க, வண்டியும் அவங்களுது. நீ கழட்டுனன்னு சொல்றத நானும் நம்புறேன். அதுக்காக ரோட்ல வந்தது நீன்னு எழுத முடியுமா?" அப்புறம் தோல் துண்ட எடுத்து என் முன்னாடி ஆட்டுனாரு. "நெஜ நம்பர் மாதிரி அடிச்சிருந்தீன்னா உனக்குன்னு தனியா எழுதியிருப்பேன். போ."

செலான் அவ போனுக்கு மெசேஜா வந்துச்சி. அவ பேரு, அவ வண்டி, பிரிவு நம்பரு, எல்லாம் போட்டு. நான் பண்ணதுக்கு எங்கியும் என் பேரே இல்ல. அது தான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. வண்டி ஸ்டேஷன்லயே இருக்கட்டும், லாக்க திரும்ப மாட்டி, மோட்டார் வாகன ஆய்வாளரு வந்து பாத்து எழுதிக்குடுத்தா தான் எடுக்கலாம்னாங்க. பத்து நாளாவது ஆவும்.

வெளிய வந்ததும் அவ மரத்தடில நின்னா.

"எதுக்குடா கழட்டுன?"

"வேகமா போவணும்னு."

"அது ஞாயித்துக்கிழம. மூணு நாளா ஏன் சொல்லல?"

ஏதனா கிண்டலா சொல்லி தப்பிக்கலாம்னு பாத்தேன். வந்தது உண்மை தான். "நீ ஒருநாள் லேட்டா போவணும்னு."

"ஏன்?"

"பொறாம."

அவ என் கிட்டக்க வந்தா. அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்துருக்கும். "வா, மேனேஜர் கிட்ட வந்து இதே வார்த்தைய சொல்லு. அவரு ரூம்ல வச்சி இல்ல. என் லைன்ல வச்சி சொல்லு."

சொன்னேன். மிஷினெல்லாம் நிறுத்திட்டு அத்தன பொண்ணுங்களும் பாத்துச்சிங்க. லாக்கு, ஒயரு, பஸ்ல தலைய குனிஞ்சது, தெரியாதுன்னு பொய் சொன்னது, எல்லாத்தையும் சொன்னேன். அந்த நீலக் கோட்டு அக்கா இடுப்புல கைய வச்சிகினு கேட்டாங்க, "ஏன்டா, சொந்த தங்கச்சி மேலயா பொறாம?"

"ஆமாங்க்கா."

"இன்னா பொறப்புடா நீ!"

எல்லாரும் சிரிச்சாங்க. மேனேஜர் சிரிக்கல. என்ன பாக்கவும் இல்ல, அவள பாத்து சொன்னாரு: "இன்னிக்கி வுட்டுட்றேன். நாளைக்கி ஏழரை. வண்டி இல்லன்றத என்கிட்ட வந்து சொல்லாத." அக்கா கோட்ட கழட்டி அவ கைல குடுத்தாங்க.

செலான நான் கட்டிட்டேன். ஆனா ஏழரைக்கு அவள யாரு கொண்டு போய் வுட்றது? பாய் கிட்ட ஒரு ஓட்ட பைக்கு கேட்டேன். தங்கச்சி ஒரே வார்த்தைல முடிச்சிட்டா: "லைசென்ஸ் இல்லாம நீ எதையும் ஓட்டக் கூடாது. ரெண்டாவது தடவ இன்னா ஆவும்னு கேட்ட இல்ல?" கடைசில பக்கத்து வீட்டு மாமா சைக்கிள எரவலா வாங்குனேன். எட்டு கிலோமீட்டர், பின்னாடி அவ, அவ மடில ரெண்டு பேரு டிபன் பாக்ஸு. மேடு வந்தா எறங்குவான்னு பாத்தேன். எறங்கல. சாலையோரமா நடந்து போறவங்க எங்கள தாண்டிப் போனாங்க. "இன்னாடா, மூச்சு வாங்குது? பேசுடா, வாத்து பத்தி பேசு, கேட்டுகினே வர்றேன்"ன்றா. பேச எனக்கு காத்து இல்ல.

ஏழு இருவதுக்கு கேட்டு முன்னாடி எறக்கிவுட்டேன். செக்யூரிட்டி எழுந்து நின்னு, "வணக்கம் மேடம்"னு சின்ன கதவ தெறந்தாரு. அவ உள்ள போய்ட்டா. நானும் பின்னாடியே சைக்கிள தள்ளிகினு போனேன். அவரு கைய குறுக்க நீட்டுனாரு.

"நீ எங்கடா? ஹெல்பர் எட்டேகாலுக்கு மேல தான்."

"அவள கொண்டு வந்ததே நான் தான்."

"அதுக்கு? வெளிய ஒக்காரு."

ஒக்காந்தேன். அப்பிடியே பத்து நாள். காலு ரெண்டும் கடகடன்னு ஆடும். உள்ள ஸ்டிச்சிங் ஹால்ல மொதல்ல அவ லைன்ல ஒரு டியூப் லைட் எரியும், அப்புறம் அடுத்தது, அப்புறம் அடுத்தது. ஜன்னல் வழியா அவ ஒவ்வொரு மிஷின்கிட்டயும் போய் தோல பிரிச்சி வைக்கிறது தெரியும். பொறாம போய்டுச்சான்னு கேட்டா, போவல. இன்னும் எரியுது தான். ஆனா ஏழரைக்கு அவ அங்க இல்லன்னா எனக்கு நிம்மதி இருக்காதுன்றதும் அந்த கேட்டுக்கு வெளிய ஒக்காந்திருந்தப்ப தான் தெரிஞ்சுது. மூணாவது நாளு செக்யூரிட்டியே டீ வாங்கிக் குடுத்துட்டு கிண்டலா கேட்டாரு, "மேடத்துக்கு நீ இன்னா வேணும், டிரைவரா?"

"ஆமா"ன்னேன். வேற இன்னா சொல்றது?